சர்டிபிகேட்படி மாடு

"ஹலோ... என்ன பண்றீங்க?"

அகிலாவின் குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் ஃப்ரைடு ரைஸைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். கையில் பேனா. தட்டுக்கு அடியில் விரித்திருந்த தாளில் இரண்டு இடத்தில் நீலக் கோடு.

வெளியே மழை. ஆகஸ்ட் மாதத்தில் நெய்வேலியில் திடீரென்று வந்து, தெருவில் இருப்பவர்களை எல்லாம் கடைகளுக்குள் தள்ளிவிட்டுப் போகுமே, அந்த மழை. மெயின் பஜாரில் அன்றுதான் திறந்திருந்த நூடுல்ஸ் கடையில் நிற்க இடமில்லை. "உக்காரலாங்களா?" என்று அவன் கேட்டதற்கு அவள் பார்க்காமலே தலையாட்டியிருந்தாள். உட்கார்ந்தவன் சாப்பிடாமல் தாளில் கிறுக்குகிறான்.

சாதாரணத் தாள் இல்லை அது. கடைக்காரர் செங்குட்டுவன் சிங்கப்பூரில் பத்து வருடம் சமையல்காரராக இருந்தவர். அங்கே சீனர்கள் கடையில் பார்த்தாராம். எலி, மாடு, புலி, முயல் என்று பன்னிரண்டு மிருகங்களை வட்டமாக வரைந்து, வருடத்துக்கு ஒரு மிருகம் என்று பிறந்த வருடங்களையும் எழுதி வைத்திருப்பார்களாம். சாப்பாடு வரும்வரை ஜனங்களுக்குப் பொழுது போக வேண்டுமே... அந்தப் பன்னிரண்டையும் வரைந்தவள் அகிலா. டவுன்ஷிப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓவிய ஆசிரியை. ஒரு மாத வேலை. எல்லோரும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பார்க்கத்தான் முதல் நாளே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"தப்பா இருக்குதுங்க. அதான் திருத்தினேன்" என்றான் அவன்.

"எது தப்பு?"

"ஜனவரியில பொறந்தவங்களுக்கு முந்தின வருஷத்து மிருகம்தான் வரும். அவங்க புது வருஷம் ஜனவரி கடைசியில, இல்லன்னா பிப்ரவரியிலதான் பொறக்குது. நீங்க ஜனவரி ஒண்ணுலேர்ந்து போட்டுருக்கீங்க."

'நீங்க' என்கிறானே... வரைந்தது நான்தான் என்று எப்படித் தெரியும்? அவள் முகம் சூடாயிற்று. அவன் தாளைத் திருப்பி மூலையைக் காட்டினான். சின்னதாக, அகிலா மாடசாமி என்று அவளே போட்ட கையெழுத்து. அவள் கழுத்தில் பள்ளியின் அடையாள அட்டை. அதிலும் அதே பெயர்.

"அப்புறம்... டிராகனுக்குத் தும்பிக்கை வச்சிட்டீங்க. இது யாளிங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"சைனால படிச்சீங்களோ?"

"கடலூர் பக்கம் ஒரு பவர் பிளான்ட்ல ரெண்டு வருஷம் ஃபிட்டரா இருந்தேன். மெஷின் மாட்ட சைனாக்காரங்க வந்திருந்தாங்க. லியூன்னு ஒருத்தர், மொத நாளு பேரு கூடக் கேக்கல. எந்த வருஷம் பொறந்தேன்னு கேட்டாரு."

"நீங்க எந்த மிருகம்?"

"சர்டிபிகேட்படி மாடு."

"சர்டிபிகேட்படின்னா?"

"ஒண்ணு ஆறு தொண்ணூத்தேழு. ஸ்கூல்ல சேத்தப்ப ஹெட்மாஸ்டர் எழுதின தேதி. எங்க தெருவுல பாதிப் பேருக்கு அன்னைக்குத்தான் பொறந்த நாளு. நெசமா என்னைக்குப் பொறந்தேன்னு யாரும் எழுதி வைக்கல."

எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னான். அவளால்தான் சட்டென்று அவன் கண்களைப் பார்க்க முடியவில்லை. பார்த்தபோது, அவை அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. தூசி படிந்த இமைகள். அதற்குள் கறுப்பாக, ஈரமாக, மழையில் நனைந்த தார் ரோடு மாதிரி...

"நீங்க?" என்றான்.

"தொண்ணூத்தொம்பது ஏப்ரல். முயல்."

"அதான் கோவம் வந்தா மூக்கு ஆடுது."

அவள் மூக்கைக் கையால் மூடிக்கொண்டாள். மழை விட்டபோது இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

அவன் பெயர் மதிவாணன். முத்தாண்டிக்குப்பத்துக்காரன். இப்போது அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டர்.

அவன் சொன்னதுதான் சரி என்று செங்குட்டுவனும் ஒப்புக்கொண்டார். அடுத்த முறை அச்சடிக்கும்போது அறுபது வருடத்துக்கும் சரியான தேதிகளைப் போட்டுவிடலாம் என்றார். கைப்பேசியில் தேடினால் பத்து நிமிடத்தில் கிடைக்கும் தேதிகள். அதற்கு அகிலாவும் மதிவாணனும் நான்கு சனிக்கிழமைகள் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் சனிக்கிழமை எலியும் மாடும் புலியும். அவன் தேதியை வாசிப்பான், அவள் எழுதுவாள். பாம்பு வரும்போது அவன் அறுந்துபோன செருப்பைத் தைத்துக்கொண்டு வந்திருந்தான். ஆடு வந்த வாரம் அவள் புதிதாகப் பூ வைத்திருந்தாள். சேவலுக்கு எந்த வருடம் என்று மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவன் பொறுமையாகச் சொன்னான். கடைசியில் பன்றி மட்டும் மிச்சம் இருந்தது.

"அத அடுத்த வாரம் பாத்துக்கலாங்க" என்றான்.

"ஆமா... பன்னிக்கு என்ன அவசரம்" என்றாள் அவளும்.

அன்று மாலை குவார்ட்டர்ஸுக்குப் போனால், அப்பா மாடசாமி வராந்தாவில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து முப்பது வருடம் முன்பு மைன்ஸ் வேலைக்கு வந்தவர். இன்னும் ஒன்றரை வருடத்தில் ஓய்வு. அதற்குள் மகள் கல்யாணத்தை முடித்துவிட்டு, குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போக வேண்டும்.

"திசையன்விளை மாப்பிள்ளை ஜாதகம் நல்லாப் பொருந்தியிருக்கு ஆத்தா. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

மடியில் அவளுடைய ஜாதக நோட்டு. நான்கு மூலையிலும் மஞ்சள். பிறந்த மணி, நிமிடம் எல்லாம் எழுதியிருந்தது. அகிலா அதை வாங்கிப் பார்த்தாள். அவனிடம் இப்படி ஒன்று இல்லை... என்று நினைத்தாள். ஏன் அப்படி நினைத்தோம் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பண்ருட்டி பஸ் பிடித்து முத்தாண்டிக்குப்பத்தில் இறங்கினாள். மதிவாணனுக்கு அன்று பகல் ஷிஃப்ட் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் அவன் அம்மா ருக்குமணி மட்டும் இருந்தார். வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். தோல் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

"வாம்மா... நீதான் படம் வரையற பொண்ணா? அவன் சனிக்கெழமயானா சட்டைய இஸ்திரி போட்டுகினு கெளம்பறான். நானும் பாத்துகினுதான் இருக்கேன்."

அகிலா மேஜைத் தாளைக் காட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். ருக்குமணி சிரித்தார்.

"அவன் பொறந்தது எனக்குத் தெரியாதா? தேதிதான் தெரியாது. தை அமாவாசை முடிஞ்சி மூணாம் பிற. தோப்புல வேல செஞ்சிகினு இருக்கேன், வலி எடுத்துச்சி. வூட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள பிற தெரிஞ்சிடுச்சி, புள்ளையும் வந்துட்டான்."

"எந்த வருஷம்மா?"

"அந்த மாசியிலதான் ஓட்டு வந்துச்சி. பச்ச ஒடம்பு, போவாதன்னாங்க. நான் கேக்கல. புள்ளையத் தூக்கிகினு போயி வரிசையில நின்னேன். முப்பது நாளு கூட ஆவல. அடுத்த வருஷமே மறுபடியும் ஒரு ஓட்டு வந்துச்சி. அப்ப இவன் தத்தித் தத்தி நடக்கறான்."

அடுத்தடுத்த வருடம் இரண்டு தேர்தல்... முதலாவது 1998 பிப்ரவரியில். அகிலா பஸ்ஸிலேயே பழைய நாட்காட்டியைத் தேடினாள். அந்தத் தை அமாவாசையைத் தொட்டுக்கொண்டுதான் சீனர்களின் புது வருடமும் பிறந்திருந்தது. மாடு முடிந்து புலி. அவன் அதற்குப் பின்னால் பிறந்தவன்.

திங்கட்கிழமை மாலை அவனைக் கடைக்கு வரச் சொன்னாள். உட்காரக்கூட விடவில்லை.

"நீங்க மாடு இல்ல, புலி! ஜனவரி முப்பது, தொண்ணூத்தெட்டு. முன்னப் பின்ன ஒரு நாள் இருக்கலாம். சாயங்காலம் ஆறரைன்னு வச்சுக்கலாம்."

அவன் முகம் மலரவில்லை.

"எங்க வூட்டுக்குப் போனீங்களா?"

"ஆமா... அம்மாகிட்ட..."

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

"சந்தோஷப்படுவீங்கன்னு..."

"நேரம் எதுக்குங்க?" அவன் குரல் உயரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "இந்தத் தாளுக்கு வருஷம் போதும். ஆறரை எதுக்கு? எந்த ஜோசியர்கிட்ட காட்டறதுக்கு? மாடா இருந்தா உங்க வூட்டு வாசப்படி ஏற முடியாதுன்னு, புலியாக்கிக் கூட்டிகினு போவப் பாக்கறீங்களா?"

அவன் சொல்லும்வரை அது அவளுக்கே தெரியாது. ஆறரை என்று ஏன் எழுதிக்கொண்டோம் என்று இப்போதுதான் புரிந்தது.

"ஸ்கூல்ல சேந்ததுலேர்ந்து அந்தத் தேதிதான் என்னுது. அத வச்சித்தான் படிச்சேன், வேலைக்கி வந்தேன்." அவன் எழுந்தான். "பன்னிக்குத் தேதிய நீங்களே பாத்துக்குங்க."

செவ்வாய், புதன், வியாழன். அவள் அழைத்தாள், அவன் எடுக்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு மாம்பழம் வரையச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் நின்றாள். அழுகை வரவில்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு இரண்டாம் ஷிஃப்ட். ஒரு மணி பஸ்ஸில் இறங்கினான். அவளைப் பார்த்ததும் அவன் நடை தளர்ந்தது. ஆனாலும் வந்தான்.

"நீங்க சொன்னது சரிதான்" என்றாள் அகிலா. வீட்டிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எதுவும் நினைவில் இல்லை. "ஜாதகம் எழுதத்தான் நேரம் கேட்டேன். அப்ப எனக்கே தெரியாது. நீங்க சொன்னப்பதான் தெரிஞ்சுது. எழுதிக்கிட்டதக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

அவன் கூட்டத்துக்கு வழிவிட்டு நிழலுக்கு நகர்ந்தான். அவளும் கூடவே நகர்ந்தாள்.

"திசையன்விளையிலேர்ந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கு. இன்னிக்குப் பதில் சொல்ற நாள். காலையில அப்பாகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

பண்ருட்டி பஸ் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு திரும்பியது. அது போகும்வரை காத்திருந்தாள்.

"உங்க பேரச் சொன்னேன்."

மதிவாணன் சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"இதையும் உங்களக் கேக்காமதான் செஞ்சேன்" என்றாள். இமைகள் தாழ்ந்துவிட்டன. "உங்களுக்கு இஷ்டமில்லன்னா... இல்லன்னு சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போயிட்டாங்க. நான் கட்டி வச்ச சாப்பாட்ட எடுத்துக்கல."

"ரெண்டு மணிக்கு வெளிய வருவாரு" என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல. கைப்பேசியை எடுத்தான். "சார், மதிவாணன் பேசறேன். இன்னிக்கி வர முடியாதுங்க... ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது சார். வூட்டு விஷயம்."

வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். முதல் நாள் பார்த்த அதே பார்வை இல்லை. அன்று வேடிக்கை இருந்தது. இன்று பயம் இருந்தது... அதை அவன் மறைக்கவும் இல்லை.

"மைன்ஸ் கேட்டுல போயி நானே அவருகிட்ட சொல்றேங்க. உங்க பொண்ண எனக்குப் புடிச்சிருக்குன்னு. அடிச்சாலும் சரி." கொஞ்சம் நிறுத்தினான். "ஆனா மொதல்ல உங்ககிட்டதான சொல்லணும்... புடிச்சிருக்குங்க, அகிலா. ரொம்ப."

அவள் தலையாட்டினாள். மூன்று நாளாக வராத அழுகை இப்போதுதான் கண்ணுக்கு வந்தது. அவன் பார்க்காததுபோல பஸ் ஸ்டாண்ட் ஓட்டல் பக்கம் திரும்பினான்.

"பசியோட வருவாரு. அவருக்கு என்ன புடிக்கும்... சாம்பார் சாதமா, பரோட்டாவா?"