இறந்தவர் எழுதிய மழை

காலை 9.40.

கோட்டூர்புரம் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, அடையாற்றின் மட்டத்தைக் காட்டும் அளவுகோல் தூணில் சாய்ந்தாற்போல் மழையையும் ஆற்று மட்டத்தையும் தினமும் அளந்து எழுதும் தனபாலனின் உடல் கிடந்தது. பின்மண்டையில் ஒரு காயம். ஆற்றுப் படியில் வழுக்கியிருக்கலாம். தானாகவே இறங்கியும் இருக்கலாம். கரையில் கூடிய குடிசைக்காரர்கள் இரண்டையும் நம்பவில்லை.

"செத்துப்போன பொண்ணு கூப்ட்டுக்கிச்சி. மூணு வருசமா கூப்ட்டுக்கினேதான் இருந்துச்சி" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சப்-இன்ஸ்பெக்டர் பேச்சியம்மாள் மழைமானிக் கொட்டகைக்குள் நுழைந்ததும் ஒரு கணம் நின்றுவிட்டாள். யாரோ தலை குனிந்து நிற்பதுபோல் இருந்தது. ஆணியில் தொங்கிய மழைக்கோட்டுதான் அது. அதன் நுனியிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

மழை ஏழு மணிக்கே விட்டிருந்தது. மேஜைமேல் பாலித்தீன் உறைக்குள் பதிவேடு. கடைசி வரி: 'காலை 8.30. மழை 38.4 மி.மீ.'

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"ஏழுலேருந்து ஒன்பதுக்குள்ள எப்ப வேணா இருக்கலாமாம் மேடம். பதிவேட்டுல எட்டரைக்கு எழுதியிருக்காரே, அதுக்கு அப்புறம்தான் நடந்திருக்கணும்" என்றான் கான்ஸ்டபிள் யாசிர். "இந்தக் குடிசை டில்லிபாபுதான் முதல்ல உடம்பைப் பார்த்தது. எட்டே முக்காலுக்கு வந்து வலை வீசிக்கிட்டிருந்தானாம். வெள்ளத்துல வீடு போனதிலேருந்து, 'எச்சரிக்கை பண்ணாத பாவி'ன்னு தனபாலனைத் திட்டாத நாள் இல்ல."

வாசலில் நின்ற டில்லிபாபு கைகூப்பினான். "திட்டினேன் மேடம், இல்லேன்னு சொல்லல. அதுக்காகத் தள்ளுவனா? எங்கம்மா மேல சத்தியம்!"

10.20. தனபாலனின் மனைவி முத்தம்மா கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. தகரக் கூரைக்கு அடியில் இருந்த பூவரசந்தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது இன்னா செடிம்மா?" பேச்சியம்மாளுக்கு மெட்ராஸ் பேச்சு சரியாக வராது, ஆனாலும் கேட்டாள்.

"எம் பொண்ணு ஜோதிலட்சுமி நெனப்பா வெச்சது. பதினோரு வயசு. வெள்ளம் வந்த அன்னிக்கு தூக்கத்துலயே பூட்டா." செடியின் இலையைத் தடவினாள். "மழை பேஞ்ச நாள்ல அளந்ததும் அந்தத் தண்ணிய இதுக்குத்தான் ஊத்துவாரு. ஒரு சொட்டு கீழ உடமாட்டாரு. 'ஜோதி, குடி'ம்பாரு."

பேச்சியம்மாள் தொட்டிக்குள் விரலை வைத்தாள். மண் பாளம் பாளமாக வெடித்து, விரலில் வெள்ளையாக ஒட்டியது. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.

"சமீபத்துல அவருக்கு ஏதாவது மனக்கஷ்டமா?"

"நேத்து சாயங்காலம் பழைய ரெஜிஸ்டரு ஒண்ணு கைக்கு வந்துச்சி. வெள்ளத்தன்னிக்கு இவரு ஜுரத்துல ஆஸ்பத்திரில கெடந்தாரு. ஆனா அதுல ஆத்து மட்டம் ரெண்டு மீட்டருன்னு இவரு பேர்ல எழுதிக் கீது. அன்னிக்கு ஆறு நாலு மீட்டருக்கு மேல. அதாலதான் யாருக்கும் எச்சரிக்கை போவல. எழுதினவனைக் காலைல இங்க வரச் சொல்லிக்கிறேன்னாரு."

"யாரை?"

"பேரு சொல்லல. ரெஜிஸ்டரை மஞ்சப்பைல போட்டு எடுத்தாந்தாரு. அந்தப் பையைத்தான் காணம்." பேச்சியம்மாளை நிமிர்ந்து பார்த்தாள். "மேடம், அவரு தானா போயிட்டாரா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

11.15. தியாகராய நகர். தனபாலன் வேலை பார்த்த, ஆற்று மட்டமும் மழையும் திரட்டித் தரும் தனியார் நிறுவனத்தின் அலுவலகம். மேற்பார்வையாளர் சுரேஷ்குமார் காபி வரவழைத்தான்.

"நல்ல மனுஷன் மேடம். பொண்ணு போனதிலேருந்து ஒரு மாதிரிதான் இருந்தாரு."

"நீங்க கடைசியா அவரைப் பார்த்தது?"

"போன வாரம்."

"இன்னைக்குக் காலையில?"

"எட்டேகாலுக்கே இங்க வந்துட்டேன். கேமராவுல இருக்கும். அவரு எட்டரைக்கு அளந்து எழுதியிருப்பாரே, பதிவேட்டைப் பாருங்க."

அவன் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு திரை. அலுவலக மொட்டை மாடியில் இருந்த தானியங்கி மழைமானியின் கணக்கு அதில் மின்னியது: 38.4.

"இதை வெளியில இருந்தும் பார்க்க முடியுமா?"

"போன்லயே பார்க்கலாம்."

"எங்களோட ஆத்தங்கரைக்கு வாங்க. யாசிர், நீ இங்கயே இருந்து அறையைச் சோதிச்சுப் பாரு."

12.30. ஆற்றங்கரையில் வெயில் அடித்தது. பேச்சியம்மாள் கொட்டகைக்கு வெளியே திறந்தவெளியில் இருந்த மழைமானியின் புனலைத் தூக்கினாள். உள்ளே இருந்த பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. டில்லிபாபுவையும் முத்தம்மாவையும் சாட்சிக்கு நிற்க வைத்து, அளவுக்குவளையில் ஊற்றினாள். முதலில் இருபது மி.மீ. மறுபடி இருபது. மூன்றாம் தடவை பன்னிரண்டு புள்ளி ஆறு. அளந்த நீரையெல்லாம் ஒரு வாளியில் சேர்த்தாள்.

"ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு. பதிவேட்டுல முப்பத்தெட்டு புள்ளி நாலு. உங்க மொட்டை மாடியில பெய்ஞ்ச அதே மழை, புள்ளி பிசகாம."

"அவரே சோம்பேறித்தனமா..."

"அவர்கிட்ட அந்தத் திரையும் கிடையாது, போன்ல பார்க்கிற வசதியும் கிடையாது. அளந்தவரு பாட்டிலைக் காலி பண்ணித்தான் திரும்ப வைப்பாரு. இல்லேன்னா நாளைக்குக் கணக்கு கெட்டுப்போகும். ஏழு மணிக்கு விட்ட மழை இன்னும் இதுக்குள்ளதான் இருந்திருக்கு. செடிக்கும் ஊத்தல. எட்டரைக்கு தனபாலன் உயிரோட இல்ல, சுரேஷ்குமார். எட்டு மணிக்குள்ள அவரைத் தள்ளிட்டு, எட்டரைன்னு எழுதி வெச்சுட்டுக் கிளம்பிட்டீங்க. ஒரு நாளாவது இங்க நின்னு அளந்திருந்தா, தண்ணியைக் கொட்டணும்னு தெரிஞ்சிருக்கும். வெள்ளத்தன்னைக்கும் நீங்க இங்க நிக்கல. மேஜையில உட்கார்ந்தே ரெண்டு மீட்டர்னு எழுதினீங்க."

கைப்பேசி ஒலித்தது. யாசிர். "மேடம், அவரு டிராயர்ல மஞ்சப்பை இருக்கு. உள்ள பழைய ரெஜிஸ்டர்."

சுரேஷ்குமார் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஆறு அபாயச் சங்கு ஊதுற அளவுக்கு ஏறாதுன்னு நெனச்சேன்" என்றான் ஆற்றைப் பார்த்து.

"அவர் தானா போகலம்மா" என்றாள் பேச்சியம்மாள். "யாரும் கூப்பிடவும் இல்ல."

முத்தம்மா எழுந்து வந்து வாளியைக் கேட்டு வாங்கினாள். பூவரசந்தொட்டியில் மெல்லச் சாய்த்தாள். வெடித்த மண் சத்தத்தோடு உறிஞ்சியது. குனிந்து, அந்தச் சத்தம் அடங்கும்வரை காது கொடுத்துக் கேட்டாள்.

"குடிச்சிட்டா" என்றாள்.