காரிநம்பியின் தொண்டை

கிட்ட வாருங்கள், என் கண்மணிகளே, நன்றாக நெருங்கி உட்காருங்கள். ஒரு மிடறு வெந்நீர் கோட்டைக் கதவைத் திறந்த கதையைச் சொல்கிறேன்.

கதிரவன் மேல்வானில் சாய, முழுமதி கீழ்வானில் முகம் காட்டிய அந்த வேளையில், பொன்னும் வெள்ளியும் உருகிக் கலந்தாற்போல் ஓடிக்கொண்டிருந்தது பொருநை நதி. வெண்ணிலைக் கோட்டையை நோக்கிச் சென்ற சிற்றோடத்தில் அமர்ந்திருந்த காரிநம்பியின் கண்ணில் அந்த அழகு படவேயில்லை. அவன் அரசரின் விருதுப் பெயர்களை அவையில் முழங்கும் கட்டியக்காரன். பகைவர் கவர்ந்து சென்ற இளவரசி நீலமங்கையைத் தேடிப் போய், வெறுங்கையோடு திரும்புகிறான்.

அன்பர்களே, அக்கோட்டைக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்தியில் நீர்வாயிலுக்கு வரும் கட்டியக்காரன் விருதுப் பெயர்களைத் தடங்கலின்றி முழங்க வேண்டும். நடுவே அவன் செருமினால், பகைவனின் கத்தி அவன் முதுகில் இருக்கிறதென்று பொருள். மறுகணமே மதில்மேல் வில்லாளிகள் ஓடத்தையே அம்பால் துளைத்துவிடுவார்கள்.

காரிநம்பிக்கோ, ஆற்றுப்பனியில் பிடித்த சளி போன பின்னும் கோழை போகவில்லை. விடியும்வரை காத்திருக்கலாமென்றால், பின்னால் பகைவரின் ஓடங்கள் வந்துகொண்டிருந்தன.

வழியெல்லாம் அவனுடைய செருமலோடு மல்லுக்கட்டியவள், முக்காடிட்ட ஓடக்காரி.

"சும்மாச் சும்மாக் காறாதேயும், ஐயா. காறக் காறத் தொண்டை புண்ணாகும். புண்ணானா இன்னும் கோழைதான் ஊறும்" என்று முதல் நாளே அதட்டிவிட்டாள். அதன்பின் உண்டதும் படுக்க விடவில்லை; தலைமாட்டை உயர்த்தி வைத்தாள்; உப்பிட்ட வெந்நீரில் கொப்பளிக்கச் செய்தாள்; பந்தத்துப் புகை படாத பக்கமாக உட்கார வைத்தாள். செருமல் முட்டினால் ஒரு மிடறு வெந்நீரோடு விழுங்கிவிடச் சொன்னாள். தொல்லை மெல்லக் குறைந்து வந்தது, முழுதும் தீர்ந்தபாடில்லை.

நீர்வாயில் வந்தது. மதில்மேல் விற்கள் வளைந்தன. காரிநம்பி முழங்கத் தொடங்கினான். பாதி விருதுகள் கடந்ததும், பாழும் கோழை தொண்டையில் வந்து நின்றது. கண்ணில் நீர் முட்டியது. மூச்சு வாங்கும் இடைவெளியில் துணி சுற்றிய சுரைக்குடுக்கை ஒன்று அவன் கையில் வந்து பொருந்தியது. ஒரு மிடறு குடித்தான்; விழுங்கினான். அடைப்பு இறங்கியது. எஞ்சிய விருதுகள் மணியோசையாய் எழுந்தன. கதவுகள் திறந்தன.

உள்ளே சென்றதும் ஓடக்காரி முக்காட்டை விலக்கினாள். நிலவொளியில் நின்றவள் இளவரசி நீலமங்கை!

காரிநம்பி கால்மடித்து வீழ்ந்தான். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"பகைவரிடமிருந்து தப்பி, ஓடக்காரியாய் உம்மோடு வந்தேன். நான் யாரென்று தெரிந்திருந்தால், பகைவர் காவல் நின்ற படகுத்துறையில் என்னை 'ஏ பெண்ணே, விரைந்து தள்ளு' என்று உம்மால் அதட்டியிருக்க முடியுமா? எந்தைக்கும் இதே செருமல்தான். மருத்துவர் அவருக்குச் சொன்னதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள் நான். உமது குரலை நம்பியே என் உயிரை ஓடத்தில் வைத்தேன். நன்றி, காரிநம்பியாரே."

"தேவி, இக்குரல் தாங்கள் மீட்டுத் தந்தது. உயிருள்ளவரை தங்கள் பெயரை முழங்குவேன். இது ஆணை" என்றான். நாணத்தால் மெல்லச் செருமினான்.

"மறுபடியுமா?" என்று சிரித்து, இளவரசி குடுக்கையை நீட்டினாள்.

என் செல்வங்களே, உங்கள் வீட்டு அடுப்பில் வெந்நீரும், அதை வேளையறிந்து நீட்டும் கையும் என்றும் குறையாதிருக்கட்டும். உங்கள் வீட்டார் குரலெல்லாம் தெளிந்து, சிரிப்பாய் ஒலிக்கட்டும்.