நாற்பத்தைந்தாம் வருடத்துப் புட்டிகள்

நிலவறைக் கதவைத் திறந்ததும் கித்தேரியம்மாளின் முகத்தில் வந்து மோதியது ஒயின் வாசனை. ஈரக்கல், வைக்கோல், பழைய மரம், இவைதான் அந்த அறையின் வாசனைகள். புட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஒயின் வெளியே மணக்காது. இதுவோ, யாரோ இப்போதுதான் கார்க்கைப் பிடுங்கிக் குவளையில் ஊற்றியதுபோல, நாவற்பழமும் மழை மண்ணும் கலந்த புது வாசனை. பங்களாவின் துரை இறந்த இந்த எட்டு மாதத்தில் அங்கே ஒரு புட்டியும் திறக்கப்படவில்லை. சாவி அவள் இடுப்பைவிட்டு இறங்கியதும் இல்லை.

காலை பத்து மணிதான். ஆனால் அந்த 1965 அக்டோபரில் செண்பகனூர்ச் சரிவில் வெயில் என்று ஒன்றைப் பார்த்து நான்கு நாளாகியிருந்தது. பங்களாவுக்குப் பின்னால், மண்மேட்டைக் குடைந்து கட்டிய நிலவறையின் வாசல்வரை பனி வந்து நின்றது. தோட்டக்காரன் மணியன் விறகு பிளக்கும் சத்தம் பக்கத்திலேயே கேட்டும் ஆள் தெரியவில்லை.

"ஏலே மணியா, கீழ போயி ஒரு பாட்டில் எடுத்துட்டு வெரசா வந்துர்றேன். கதவு சாத்திக்காமப் பாத்துக்க."

"சரிங்கக்கா. மதாம் எப்ப வாராக?"

"வீடு வாங்க வர்ற ஆளக் கூட்டிக்கிட்டு மதியத்துக்கு வந்துருவாக. அதுக்குள்ள ஒயினத் தெறந்து காத்தாட வைக்கணும்."

இதெல்லாம் துரை கற்றுக்கொடுத்தது. பாண்டிச்சேரியில் வியாபாரம் பார்த்த பிரெஞ்சுக்காரர் அவர். வயதான காலத்தில் குளிரைத் தேடி மனைவி மதாமோடு கொடைக்கானல் ஏறியபோது, சமையலுக்குக் கித்தேரியம்மாளையும், வைக்கோல் சுற்றிய புட்டிகளை லாரி நிறையவும் கொண்டுவந்தார். மதுவிலக்கு அமலில் இருந்தாலும் அவருக்குப் பர்மிட் இருந்தது. கார்க் காயாமலிருக்கப் புட்டியைப் படுக்கவைக்க வேண்டும். அடியில் தங்கிய கசடு கலங்காமல், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து ஊற்ற வேண்டும். மெதுவாக வெந்த ஆட்டுத்தொடைக்கு, பொர்தோ ஊரின் சிவப்பு ஒயினைவிட்டால் வேறு துணையில்லை. அதிலும் 1945 விளைச்சலில் அடைத்த நாற்பத்தைந்தாம் வருடத்துப் புட்டிகளை இருபது வருடம் ஆகாமல் தொடவே கூடாது என்பார்.

இருபதாம் வருடம் பிறந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். ஒரு சொட்டுகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதாமும் சாவியை யாரிடமும் தரக்கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தாள்.

"ஒரு வாய், கித்தேரி. ஒரே ஒரு வாய்."

"நாளைக்குத் தாரேன் தொரை."

மூன்று நாள் அதே கேள்வி, அதே பதில். நான்காம் நாள் காலையில் கேட்க அவர் இல்லை. காய்ந்து வெடித்திருந்த அந்த உதடுகளை அவள்தான் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். சொன்னது பொய் என்பதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட அவள் இன்னும் சொல்லவில்லை.

மெழுகுவர்த்தியோடு படியிறங்கினாள். கீழே போகப் போக வாசனை கனத்தது. கடைசிச் சுவரோரம், மரத்தட்டில், நாற்பத்தைந்தாம் வருடத்துப் புட்டிகள் தூசி மூடிக் கிடந்தன. ஒன்றை எடுத்தாள்.

கை சட்டென்று மேலே போனது. எடையே இல்லை.

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். கழுத்தில் அரக்கு உடையவில்லை. கார்க் அப்படியே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. கண்ணாடியில் ஒட்டிய கசடு மட்டும் இன்னும் ஈரமாகப் பளபளத்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும் காலி. அதற்கடுத்ததும். எல்லாவற்றிலும் அரக்கு முழுசாக இருந்தது.

மேலே கதவு சாத்திக்கொண்டது.

காற்று அடித்த சத்தமில்லை. கதவைப் பிடித்து, பார்த்து, மெதுவாகச் சாத்துகிற சத்தம். அவள் புட்டியைப் போட்டுவிட்டுப் படியேறினாள். தள்ளினாள். தோளை வைத்து முட்டினாள். கதவு அசையவில்லை.

"மணியா! கதவத் தொற!"

செருப்புச் சத்தம் ஓடிவந்தது. வெளியே கைப்பிடி கிறீச்சிட்டது. "பூட்டு தொறந்துதான்க்கா கெடக்கு. இழுத்தா வரமாட்டேங்குது. உள்ள யாரோ பிடிச்சுக்கிட்டாப்ல இருக்கு."

"யாரு பிடிப்பா? நான் ஒருத்திதான் இருக்கேன்."

மணியன் கைப்பிடியை விட்டுவிட்டான். பிறகு குரலைத் தணித்துக் கேட்டான். "அக்கா, அப்பப் பேசுறது யாரு?"

"என்னடா சொல்ற?"

"ஆம்பளக் கொரல் கேக்குதுக்கா. உங்களுக்குப் பின்னாடி."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தன் மூச்சு மட்டும். திரி பொரியும் ஒலி மட்டும்.

"கடப்பாரை எடுத்தாடா! ஓடு!"

செருப்புச் சத்தம் வீட்டைச் சுற்றிக்கொண்டு தேய்ந்தது. கடப்பாரை முன்பக்கத்து ஷெட்டில் இருக்கிறது. போய்வர நேரமாகும். கதவில் முதுகைச் சாய்த்து, படிகளைப் பார்த்தபடி நின்றாள். மெழுகுவர்த்தி வெளிச்சம் நான்கு படிக்குக் கீழே போகவில்லை. மாதாவுக்குச் சொல்லும் அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கினாள். பாதியில் வார்த்தை மறந்தது.

கீழே ஒரு சத்தம்.

விழுங்குகிற சத்தம். ஒரு மிடறு. நிதானமாக. இன்னொரு மிடறு.

மரத்தட்டில் புட்டியொன்றைப் பத்திரமாகப் படுக்கவைக்கும் ஒலி.

அவள் நாக்கில் ஏதோ புளித்தது. துவர்த்தது. வாழ்நாளில் அவள் ஒயினை வாயில் வைத்ததில்லை. ஆனாலும் தெரிந்தது. புடவைத் தலைப்பால் உதட்டைத் துடைத்தாள். தலைப்பு சிவந்தது.

மெழுகுவர்த்தி கையிலிருந்து நழுவியது. படிகளில் உருண்டது. அணைந்தது.

இருட்டு.

அப்போது கதவு ஒரு சாண் திறந்தது. பனியின் வெளுத்த வெளிச்சம் உள்ளே விழுந்தது. அதற்கு மேல் கதவு நகரவில்லை. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு கை தெரிந்தது. விரல்களை விரித்து, அவளுக்காக நீண்டு.

"மணியா! என்னப் பெத்த ராசா!" அழுதேவிட்டாள். தன் கையைத் தோள்வரை வெளியே நீட்டி அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதுவும் இறுகப் பிடித்துக்கொண்டது.

"இழுடா."

கை இழுக்கவில்லை.

"அக்கா!" தூரத்திலிருந்து, வீட்டின் முன்பக்கத்திலிருந்து, மணியனின் குரல் வந்தது. "கடப்பாரை கெடச்சிருச்சு! இந்தா வாரேன்!"

அவள் அசையவில்லை. பிடித்திருந்த விரல்கள் ஈரமாக இருந்தன. நகக்கண்களிலிருந்து கசிந்த ஏதோ அவள் மணிக்கட்டில் இறங்கி முழங்கைக்கு ஓடியது. குளிர்ந்திருந்தது. கையை உருவினாள். வரவில்லை.

செருப்புச் சத்தம் நெருங்கியது. மூலை திரும்பியது. நின்றது.

"மணியா, என்னடா தெரியுது? சொல்லுடா!"

கடப்பாரை கல்லில் விழுந்து அதிர்ந்தது. பிறகு ஓடுகிற கால்களின் சத்தம். தடுக்கி விழுந்து, எழுந்து, சரிவில் இறங்கி, பனிக்குள் கரைந்தது.

கதவு அவள் தோளின்மேல் மெல்லச் சாத்திக்கொள்ளத் தொடங்கியது. வெளியே, அவள் பார்க்க முடியாத பனியில், இரண்டாவது கையொன்று வந்து அவள் மூடிய விரல்களை ஒவ்வொன்றாக விரித்தது. பின்பு அவள் உள்ளங்கையில், காய்ந்து வெடித்த இரண்டு உதடுகள் வந்து பதிந்தன.