வடக்குக் கரையில் ஏழு பேர்

தலையைத் தண்ணீருக்குள் விட்ட மவ்ரூஃபுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடலுக்கடியில் பவளப்பாறை ஒருபோதும் சும்மா இருக்காது. காய்ந்த எண்ணெயில் மீனைப் போட்டதுபோல இரவும் பகலும் படபடவென்று பொரிந்துகொண்டே இருக்கும். இருபது வருடமாக அந்தச் சத்தத்துக்குள்தான் அவன் பிழைப்பு ஓடுகிறது. அன்று மாலை நாலு மணிக்கு, வடக்குக் கரையில், அது இல்லை. காதைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடியும் மூழ்கிப் பார்த்தான். பூட்டிய வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போலிருந்தது.

"என்னங்க, தலைய விட்ட வேகத்துல எடுத்துட்டீங்க? இழுப்பு அதிகமா இருக்கா?"

கேட்டவள் நெற்றியில் மச்சமுள்ள யித்கா. நேற்றுதான் புருஷனோடு படகில் வந்து இறங்கியவள். வந்த நேரத்திலிருந்து கேள்விதான். இது என்ன மீன், அது என்ன செடி, நீங்கள் ஏன் சிரிப்பதே இல்லை.

"ஒண்ணும் இல்ல. குளம் மாதிரி இருக்கு. இறங்குங்க" என்றான்.

அந்தத் தீவைச் சுற்றி நடக்க அரை மணி நேரம் போதும். கடலில் இறங்கத் தோதாக மூன்றே இடங்கள். எந்த நாளில் எங்கே நீந்தலாம், எங்கே வாயில் மூச்சுக்குழாய் வைத்துக்கொண்டு மீன் பார்க்கலாம் என்று தினமும் காலையில் விடுதி வாசல் பலகையில் எழுதிப்போடுவது மவ்ரூஃபின் வேலை. வருகிறவர்களை அவன் மனிதர்களாகவே எண்ணியதில்லை. பன்னிரண்டு மணி நேரம் பறந்து வந்து, முட்டியளவு தண்ணீரில் நின்று தங்களையே படம் பிடித்துக்கொள்ளும் கூட்டம். காலில் ஃபின் என்ற நீச்சல் துடுப்பை மாட்டிக்கொண்டு முன்பக்கமாக நடந்து மணலில் குப்புற விழும் கூட்டம். ஆமை வருமா என்று யாராவது கேட்டால், "சொல்லி வச்சிருக்கேன், வரும்" என்பான். அதையும் நம்பித் தலையாட்டுவார்கள்.

அன்று மேற்கே, பட்டால் உடம்பு தடித்துப்போகும் சொறிமீன் மொய்த்துக் கிடந்தது. கிழக்கே ஆளுயர அலை. மிச்சம் வடக்குதான். மத்தியானம் அடுக்களையில் ரொட்டிக்குத் தேங்காயும் மாசிக் கருவாடும் பிசைந்துகொண்டிருந்த ரஃபியா, பலகையைப் பார்த்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தாள். அவன் மனைவியின் அக்கா. விடுதி அவளுடையது.

"வடக்க அழி மவ்ரூஃப். மூணு நாளா அங்க கொட்டுற மீன் கழிவு அப்படியே மிதக்குது. ஒரு திருக்கை கூட வந்து தொடல."

"நோன்பு புடிக்குதோ என்னவோ."

"உனக்கு எல்லாமே கிண்டல். ஒரு நாள் உக்காந்து கேரம் ஆடட்டுமே, என்ன குறைஞ்சு போச்சு?"

"ஆடுவாங்க. ஆடிட்டு, கடலையே காட்டாத விடுதின்னு ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதிப் போடுவாங்க. அப்புறம் நீயும் நானும் ஆடலாம். வேற ஆள் வரமாட்டான்."

ரஃபியா பிசைந்த கையோடு கொஞ்ச நேரம் வடக்குப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். பயந்தாங்கொள்ளிக் குடும்பம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

இப்போது விடுதியில் தங்கியிருந்த ஆறு பேரும் இறங்கிவிட்டார்கள். காற்று அடியோடு நின்றிருந்தது. மேகம் தாழ்ந்து வந்து கடலும் வானமும் ஈயத் தகடு போல ஒரே நிறமாகிவிட, கரையோரத் தாழம்புதரிலிருந்து அழுகிய மீன் வாடையும் துருப்பிடித்த இரும்பின் வாடையும் மாறி மாறி வந்தன. மவ்ரூஃப் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, பாக்கை வாயில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த குழாய்களை வழக்கம்போல எண்ணினான்.

ஏழு.

மறுபடி எண்ணினான். ஆறு. சரிதான். பாக்குச் சாற்றைத் துப்பிவிட்டு நிமிர்ந்தான். ஏழு.

பக்கத்து விடுதியில் தங்கியவன் எவனோ ஓசியில் வந்து இறங்கியிருக்கிறான் என்று நினைத்தான். வெட்கங்கெட்டவன். ஆனால் கரை முழுவதும் மவ்ரூஃபின் பார்வையில்தான் இருந்தது. யாரும் அவனைத் தாண்டி வரவில்லை. எழுந்து நின்று விசில் ஊதினான். எல்லாம் சரி என்பதற்கு அடையாளமாக ஒரு கையைத் தூக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தான். முகங்கள் தண்ணீருக்குள் குப்புற இருக்க, ஏழு கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒரே நேரத்தில் இறங்கின.

பாக்கு கசந்தது. விடாமல் விசில் ஊதினான். "போதும்! ஏறி வாங்க! மழை வருது!"

முதலில் ஒரு கிழவர் இருமிக்கொண்டே வந்தார். நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"கீழ மணல்ல யாரோ மல்லாந்து படுத்திருந்தாங்க தம்பி. எங்களயே பாத்துக்கிட்டு. உங்க ஆளா?"

"பாறையா இருக்கும் பெரியவரே. கண்ணாடிக்குள்ள எல்லாமே பெருசாத்தான் தெரியும்."

"பாறை சிரிக்குமா?"

மவ்ரூஃப் அவரை விலக்கிவிட்டு மற்றவர்களை எண்ணினான். இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவதாக யித்காவின் புருஷன் ராடிம். அவன் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக அவள். ஆறு. ஒருவரும் பாக்கி இல்லை. நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கியது. யித்கா ஒரு கேள்வியும் கேட்காமல் அவனைக் கடந்துபோனாள். நல்லவேளை, வாயாடிக்கும் வாய் அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

"நேரா விடுதிக்குப் போங்க. டீ இருக்கு" என்று அனுப்பிவிட்டுத் திரும்பினான்.

ஒரு குழாய் அங்கேயே நின்றது.

"ஏய்! காது கேக்கலையா? வெளிய வா!"

அசையவில்லை. ஓசிக்காரனைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வருவோம் என்ற கோபத்தோடு இறங்கினான். முட்டியளவு. இடுப்பளவு. தண்ணீர் குளிராகவும் இல்லை, சூடாகவும் இல்லை. அவன் கால் வைத்தும் கலங்கவில்லை. ஒரு குஞ்சு மீன் கூட இல்லை. தன் மூச்சு மட்டும் கேட்டது. மார்பளவு.

தோளைத் தொட்டான். விறைத்திருந்தது.

புரட்டினான்.

கண்ணாடிக்குள் பாதிவரை தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு மேலே இரண்டு கண்கள், திறந்தபடி. எதையோ கேட்க வந்ததுபோலத் திறந்த வாய்.

யித்கா.

அவள்தான். நெற்றி மச்சம். விரலில் மோதிரம். குளம் மாதிரி இருக்கு என்று அவன் சொன்னதை நம்பி இறங்கியவள்.

"யா அல்லாஹ்" என்றான்.

அவளைத் தூக்கிப் பிடித்தபடி கரையைப் பார்த்தான். தாழம்புதர்களுக்கு நடுவே மணல் பாதையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் ராடிம். ஒரு கையால் பக்கத்தில் வருகிறவளின் தோளை அணைத்துக்கொண்டு, மறுகையால் துண்டை எடுத்து அவள் ஈரத் தலையைத் துவட்டியபடி ஏதோ சொல்லிச் சிரித்தான்.

கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

துண்டு விலகியது. அவள் திரும்பினாள். தோள் திரும்பவில்லை. இடுப்பு திரும்பவில்லை. கழுத்து மட்டும், முழுதாக.

அவன் கையில் கிடந்த அதே முகம் அங்கிருந்து அவனைப் பார்த்தது. புருஷனின் அணைப்புக்குள் அவள் கால்கள் விடுதியை நோக்கி முன்னால் நடந்துகொண்டே இருந்தன.