லெட்னா ஆலைச் சங்கு

சங்கைக் காணோம்.

சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு இந்தச் செய்தி துணை ஷெரிஃப் லவோன் குச்செராவின் வீட்டுக்குத் தொலைபேசியில் வந்தது. சொன்னவன் யூசேபியோ, யூனியன் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிறவன்.

"மேடம், மேடைக்கு மேல இருந்த சங்கு இல்ல. நான் எடுக்கல."

"கேக்கறதுக்கு முன்னாடியே ஏன்யா பதில் சொல்றே? எதையும் தொடாதே. வர்றேன்."

சங்கு என்றால் ஏதோ அலங்காரப் பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் லெட்னாவில் பழைய மாட்டிறைச்சி ஆலை இருந்த காலத்தில் அந்தப் பித்தளைச் சங்குதான் ஊருக்கே கடிகாரம். மத்தியானச் சங்கு ஊதினால்தான் என் அம்மா மாவு உருண்டைகளைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவாள். அப்பா வந்து கை கழுவி உட்காரும்போது சரியாக வெந்திருக்கும். நெப்ராஸ்கா மாநிலத்தில் வேறெந்த ஊரில் உருண்டை இவ்வளவு மெத்தென்று இருந்தது, சொல்லுங்கள்! வெள்ளிக்கிழமை மாலை யூனியன் கட்டடத்தில் அக்கார்டியன் வாசிப்பு, நடனம், பீர். கத்தி பிடிக்கிறவன் சம்பளத்தில் வீடு வாங்கலாம், ஏரிக்கு ஒரு படகும் வாங்கலாம். அதெல்லாம் ஒரு காலம்.

எண்பத்தாறில் வேலைநிறுத்தம் தோற்றது. ஆலையை மூடினார்கள். சங்கு யூனியன் கட்டடத்துச் சுவருக்கு வந்தது. இரண்டு வருஷம் கழித்து வேறொரு கம்பெனி நெடுஞ்சாலைப் பக்கம் புது ஆலை திறந்தது. அங்கே யூனியன் கிடையாது, சம்பளம் பழையதில் பாதி. எங்கள் ஆட்களில் பலர் முறைத்துக்கொண்டு ஊரை விட்டுப் போனார்கள். மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். சிலரிடம் குடியேற்றக் காகிதம் இருந்தது, பலரிடம் இல்லை. கம்பெனி கேட்டும் கேட்காத மாதிரி இருந்துகொண்டது. பூட்டிக் கிடந்த கடைகள் திறந்தன, மூட இருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நிறைந்தார்கள். ஊர் செத்துப்போகவில்லை. ஆனால் அதே ஊராகவும் இல்லை.

அந்தக் கம்பெனி தன் முன்கூடத்தில் மாட்டிவைக்கச் சங்கைக் கேட்டது. பதிலுக்கு யூனியன் கட்டடத்தின் ஒழுகும் கூரையை மாற்றித் தருவதாகச் சொன்னது. மிச்சமிருந்த கிழவர்கள் கூடிக் கை தூக்கிச் சம்மதித்தார்கள். யூனியனின் கடைசித் தலைவர் எமில் வாவ்ரா எல்லோருக்கும் பிறகு கை தூக்கினார். சங்கை எடுத்துப்போக இன்று மத்தியானம் கம்பெனி வண்டி வருவதாக ஏற்பாடு.

லவோன் எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டாள். முன்வாசல் பூட்டு உடையவில்லை. மேடைக்கு மேல் சுவரில் நான்கு போல்ட்டு ஓட்டைகள் மட்டும். சமையலறையின் பின்கதவு, உள்பக்கம் கொக்கி போடுகிற கதவு, சும்மா சாத்தியிருந்தது.

"நீ வந்தப்பவே கொக்கி கழண்டிருந்துச்சா?"

"ஆமா மேடம். முன்வாசல் என் சாவியில திறந்தேன். சமையல்கட்டுல காத்து வந்துச்சு. அப்புறம்தான் சுவரைப் பார்த்தேன்."

சங்கு ஒரு கன்றுக்குட்டிக் கனம். முன்வாசலில் படிகள் உண்டு. பின்கதவை ஒட்டி வண்டியை நிறுத்தலாம். ஆக, வந்தவன் சாவி போட்டு முன்னால் நுழைந்து, பின்னால் போயிருக்கிறான். சாவி கிழவர்களிடமும் யூசேபியோவிடமும் மட்டும்தான்.

முன்வாசலை ஒட்டி ஒரு பலகை. அதில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை வில்லை. ஒரு பக்கம் எண், மறுபக்கம் வழவழப்பு. பழைய ஆலையில் ஒருமுறை குளிர் அறைக்குள் ஆள் இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. உள்ளே வந்தால் எண் வெளியே தெரியும்படி திருப்ப வேண்டும், போகும்போது வழவழப்புப் பக்கம் தெரியும்படி மறுபடி திருப்பிவிட வேண்டும். ஆலை போனபோது பலகை இங்கே வந்தது, பழக்கமும் கூடவே வந்தது. செத்தவர்களின் வில்லையை எண் உள்ளே இருக்கும்படி ஆணி அடித்துவிடுவார்கள். லவோனின் அப்பாவுடையதும் அப்படித்தான் இருந்தது. அவள் எப்போது வந்தாலும் அதை விரலால் ஒருமுறை தொடுவாள். இன்றும் தொட்டாள்.

"இதையெல்லாம் நீ துடைப்பியா?"

"பலகையைத் துடைப்பேன். வில்லையைத் தொடவே மாட்டேன். டுவேன் சார் முதல் நாளே சொல்லிட்டார், அடுத்தவன் வில்லையைத் தொட்டா கையை ஒடிச்சிடுவேன்னு."

யூசேபியோ சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. வாரநாளில் அவன் புது ஆலையில் வேலை செய்கிறான். அவனுக்கும் அவன் மனைவிக்கும் காகிதம் இல்லை என்பது லவோனுக்குத் தெரியும். மகள் யூலிசா இந்த ஊரிலேயே பிறந்தவள். பள்ளி பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறாள்.

ஒன்பது மணிக்கு ஷெரிஃப் டன்ஹாம் வந்தார். மாவட்டத் தலைநகர்க்காரர். லெட்னாவின் பழைய கதையும் தெரியாது, தெரிந்துகொள்ளப் பொறுமையும் கிடையாது.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்டயும் ஒண்ணு இருக்கு சார்."

"வேன் இருக்கா?"

"இருக்கு சார். திறந்து பாருங்க, துடைப்பமும் வாளியும்தான்."

"பித்தளைக்கு இப்ப நல்ல விலை. முழுப் பேர் என்ன?"

யூசேபியோ வாய் திறந்தான், மூடினான்.

"பேருக்கு என்ன அவசரம் சார்? சங்கு எங்கேன்னு முதல்ல பார்ப்போமே" என்று லவோன் குறுக்கே புகுந்தாள்.

"பேர் சொல்லவே யோசிக்கிறவன்கிட்ட வேற என்னத்தைப் பார்க்கிறது? சிறையில ரேகை எடுப்போம். அது மேல போகும். திங்கட்கிழமை ஒமாஹாவிலிருந்து குடியேற்றத்துறை ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. கதை முடிஞ்சுது."

வாசலில் பூட்ஸ் சத்தம். கிழவர்கள் வந்துவிட்டார்கள். முதலில் டுவேன் சிட்ஸ், வாய் ஓயாதவர். பிறகு நார்பர்ட், காது மந்தம். கடைசியில் எமில், கையில் கொலாச்சி என்கிற இனிப்புப் பன் பெட்டியோடு. முந்திய இருவரும் வில்லையைத் திருப்பினார்கள். எமில் பெட்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, கண் சங்கில்லாத சுவரின் மேல் இருக்க, பார்க்காமலே வலக்கையை நீட்டித் தன் வில்லையைத் திருப்பினார். டிக் என்று சத்தம் கேட்டது. இந்தச் சத்தத்தை ஊரில் பாதிப் பேர் கனவில்கூடக் கேட்டிருப்பார்கள்.

"அட கடவுளே! சங்கையே தூக்கிட்டானா?" என்றார் டுவேன்.

"என்னத்தைத் தூக்கினான்?" என்றார் நார்பர்ட்.

"உன் காதை! உட்காரு."

காபி வந்தது. எமில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். கொலாச்சியைத் தொடவில்லை.

"டுவேன் மாமா, நேத்து ராத்திரி பூட்டினது யாரு?" என்று கேட்டாள் லவோன்.

"நான்தான். பலகையைப் பார்க்காம பூட்டுவேனா? எல்லா வில்லையும் வழவழ. ஒரு எண்கூட வெளியே இல்ல. சங்கு சுவர்ல இருந்துச்சு, பின்கதவுக் கொக்கியும் போட்டுத்தான் வந்தேன்."

"அப்ப நீங்க பூட்டினதுக்கும் காலைக்கும் நடுவுல யாரோ வந்திருக்காங்க."

"யாரோ என்ன யாரோ! இவன்தான்" என்றார் ஷெரிஃப். "ஐயா, நீங்க தலைவர். உங்களுக்கு இவன் மேல சந்தேகம் உண்டா?"

எமில் காபிக் கோப்பையையே பார்த்தார். "எனக்கு என்ன தெரியும்? வந்தவங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

யூசேபியோ அவரைத் திரும்பிப் பார்த்தான். போன குளிர்காலம் முழுக்க எமில் வீட்டு வாசல் பனியைக் கேட்காமலே தள்ளிக் கொடுத்தவன் அவன்.

"கோட்டை எடுத்துக்கோ. போகலாம்" என்றார் ஷெரிஃப்.

பலகைக்குப் பக்கத்து ஆணியில்தான் கோட்டு தொங்கியது. அவன் அதை எடுத்து ஒரு கையை நுழைத்தான். மறு கை சட்டென்று நுழையவில்லை. உதவப் போன லவோன் பலகையைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள்.

மேசையில் மூன்று கிழவர்கள். பலகையில் இரண்டு எண்கள்.

"ஷெரிஃப், ஒரு நிமிஷம். எமில் மாமா, நீங்க இப்ப உள்ளே இருக்கீங்களா, வெளியே இருக்கீங்களா?"

"என்ன கேள்வி இது? உன் எதிர்லதானே உட்கார்ந்திருக்கேன்."

"உங்க வில்லை அப்படிச் சொல்லலையே."

டுவேன் எழுந்து வந்து பார்த்தார். எமிலின் வில்லை வழவழப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. "திருப்ப மறந்திருப்பான். வயசாச்சு."

"மறக்கல மாமா. திருப்பினதை நான் பார்த்தேன், சத்தமும் கேட்டேன். அதுதான் விஷயமே. திருப்பினப்புறமும் எண் உள்ளே இருக்குன்னா, திருப்பறதுக்கு முன்னாடி எண் வெளியே இருந்திருக்கணும். நேத்து பூட்டும்போது நீங்க பார்த்தீங்க, எல்லாம் வழவழ. அடுத்தவன் வில்லையை இங்க யாரும் தொட மாட்டாங்க. அப்ப நீங்க பூட்டினப்புறம், யூசேபியோ வர்றதுக்கு முன்னாடி, எமில் மாமா ஒரு தடவை உள்ளே வந்திருக்கார். வந்ததும் கை தன்னால வில்லையைத் திருப்பியிருக்கு. முப்பது வருஷப் பழக்கம், அது திருட வந்திருக்கோமா வேலைக்கு வந்திருக்கோமான்னு பார்க்காது. ஆனா போகும்போது இந்த வழியா போகல. சங்கைத் தூக்கிட்டுப் பின்கதவு வழியா போனார். வில்லை இங்கேயே 'உள்ளே'ன்னு சொல்லிட்டு நின்னுச்சு. ஒன்பது மணிக்கு மறுபடி வந்தார், பார்க்காம மறுபடி திருப்பினார். அது 'வெளியே'ன்னு ஆயிடுச்சு."

 நார்பர்ட்டுக்குக்கூட எல்லாம் கேட்டிருந்தது.

"இடுப்பு வலி எப்படி இருக்கு மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள் லவோன்.

எமில் கோப்பையைத் தள்ளி வைத்தார். "வாசல்ல நிக்குது என் வண்டி. தார்ப்பாய்க்கு அடியில இருக்கு. போய்ப் பாருங்க."

"ஏன்டா எமில்? நீயும்தானே கை தூக்கினே!" என்று டுவேன் கத்தினார்.

"தூக்கினேன். கூரை ஒழுகுதே, என்ன செய்ய? வீட்டுக்குப் போனா தூக்கம் வரல. அந்தச் சங்கு உன்னையும் என்னையும் லவோன் அப்பாவையும் கூப்பிட்ட சங்கு. நம்ம வயித்துல அடிச்ச கம்பெனி அதைத் தன் வாசல்ல மாட்டிக்கிட்டு, வர்றவன் போறவன்கிட்ட பெருமை பேசறதா? என் நெஞ்சு ஒத்துக்கல."

"அது சரி. ஆனா இவரைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னப்ப ஏன் வாயை மூடிட்டிருந்தீங்க?" என்றாள் லவோன்.

எமில் சுவரிலிருந்த நான்கு ஓட்டைகளைப் பார்த்தார்.  "என் இடத்தை எடுத்துக்கிட்டான், இதையும் எடுத்துக்கட்டும்னு தோணுச்சு. நல்ல எண்ணம்னு சொல்லல. ஆனா பொய்யும் இல்ல லவோன். பாதிச் சம்பளத்துக்கு வர ஆள் இல்லாம இருந்திருந்தா, அந்தக் கம்பெனி எங்க கால்ல விழுந்திருக்கும். என் மகன் டெக்சாஸுக்குப் போயிருக்க மாட்டான். பேரப்பிள்ளைங்க முகம் எனக்கு போட்டோல இல்ல, நேர்ல தெரிஞ்சிருக்கும்."

யூசேபியோ கோட்டின் மறு கையை நுழைக்காமலே நின்றான்.

"பாதின்னு எனக்குத் தெரியாது சார். மீதிப் பாதி இருந்துச்சுன்னே இந்தச் சுவர்ல இருக்கிற போட்டோவெல்லாம் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். படகோட நிக்கிறீங்க. நானும் கேட்டிருப்பேன் சார், முழுசா. யாரு என்கூட நின்னு கேட்டாங்க? இந்தக் கதவை எனக்குத் திறந்தது தரை துடைக்க மட்டும்தான்." அவன் எமிலை நேராகப் பார்த்தான். "வர்ற வியாழக்கிழமை என் பொண்ணு தனியா வாசிக்கிறா. நான் அங்க இருந்திருக்க மாட்டேன். அது தெரிஞ்சுதான் சும்மா இருந்தீங்களா?"

எமில் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். அழுதார். அந்தக் கிழவர் வேலைநிறுத்தம் தோற்ற அன்றுகூட அழாதவர்.

ஷெரிஃப் தொண்டையைச் செருமினார். "அப்ப திருட்டு வழக்கு..."

"எந்தத் திருட்டு?" என்றார் டுவேன். "எங்க சங்கு, எங்க ஆள் வண்டியில இருக்கு. புகார் கொடுக்கறவன் யாரு? நார்பர்ட், நீ கொடுக்கறியா?"

"என்னத்தைக் கொடுக்கணும்?"

"பாருங்க, இவனும் கொடுக்கல. கொலாச்சி ஒண்ணு எடுத்துட்டுக் கிளம்புங்க ஷெரிஃப். கசகசா வச்சது நல்லா இருக்கும்."

ஷெரிஃப் இரண்டு எடுத்துக்கொண்டு போனார்.

லவோனும் டுவேனும் சங்கை இறக்கி மேடையில் வைத்தார்கள். கம்பெனி வண்டி வந்தால் மறுபடி வாக்கெடுப்பு நடத்தப்போவதாகச் சொல்லி அனுப்பிவிடுவேன், கூரை ஒழுகினால் வாளி வைத்துக்கொள்ளலாம் என்றார் டுவேன்.

எமில் எழுந்து பலகைக்கு அடியிலிருந்த இழுப்பறையைத் திறந்தார். யாருக்கும் கொடுக்காத வில்லை ஒன்று கிடந்தது, இரண்டு பக்கமும் வழவழ. அதை யூசேபியோவிடம் நீட்டினார்.

"மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாய் வரல. கேட்டா நீ மன்னிக்கணும்னும் இல்ல. இதை மாட்டு. எண் என்ன போடட்டும்?"

"ஆலையில எனக்கு எண் இருக்கு சார்" என்றான் யூசேபியோ. "அங்க பேர்தான் என்னோடது இல்ல. வேற எவனோ ஒருத்தன் பேர்ல வேலை செய்யறேன். ஒன்பது வருஷமா அந்தப் பேரைக் கூப்பிட்டாத்தான் திரும்பிப் பார்க்கறேன். இதுல என் பேர் போடுங்க."

லவோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்கு எதுவும் காதுல விழல. நார்பர்ட் மாமா மாதிரிதான் நானும்."

டுவேன் சுத்தியலும் எழுத்து அச்சுகளும் கொண்டுவந்தார். எமில் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"சொல்லு."

"யூசேபியோ ட்சோக்."

"சோக்."

"ட்சோக் சார்."

"இன்னொரு தடவை சொல்லு தம்பி" என்றார் எமில். "தப்பா அடிச்சிடக் கூடாது."