கபேலோ தள்ளிய ஓடம்

ஆப்பிரிக்காவின் ஒகவாங்கோச் சதுப்பு நிலத்தில் பத்து நாள் சுற்றிவிட்டு, ஜனவரி மாத மாலை ஒன்றில் சேயோனும் மனைவி கொறற்றியும் ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரிலுள்ள வீட்டுக்குத் திரும்பினார்கள். நாலரை மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. மூன்றாம் மாடிக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறிக் கதவைத் திறந்ததும் சேற்று வாடை வந்தது.

பெட்டியிலுள்ள சப்பாத்துகள்தான் என்றான் சேயோன். கொறற்றி அவற்றைக் கழுவிக் காயவைத்தாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். வாடை போகவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்குள் அறைகளுக்கு நடுவே உள்ள நடைபாதைத் தரையில் ஈரம் கண்டாள். துடைத்தாள். மறுநாளும் ஈரம். வீட்டு நிர்வாகத்துக்கு எழுதினாள். ஆள் வந்து பார்க்க ரெர்மின் கிடைக்கவே, நாள் குறித்துத் தரவே, இரண்டு கிழமை ஆனது. வந்த குழாய்க்காரர் சுவரில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் காய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய சப்பாத்தே நனைந்திருப்பதை அவள் காட்டினாள். வெளியே பனி என்றார் அவர். இரண்டாவதாக வந்தவரும் அதையே எழுதினார். இனி இதுபற்றி எழுத வேண்டாம் என்று நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது.

பிறகு சத்தம் தொடங்கியது.

தண்ணீருக்குள் கழி இறங்கும் சத்தம்.

நடைபாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. மெதுவாக.

அந்தச் சத்தம் கொறற்றிக்குத் தெரியும். ஒகவாங்கோவில் கபேலோ என்ற ஓடக்காரன், வெறுங்காலோடு நின்றபடி கழியூன்றி அவர்களை மூன்று நாள் நாணலுக்குள் கொண்டுபோனான். தன் முன்னோர் வாழ்ந்த தீவைக் காட்டி அவர்கள் கதையைச் சொன்னான். அல்லிக் கிழங்கை இறைச்சியோடு அவித்துக் கொடுத்தான். கடைசி நாள், நீர்யானைகளுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று அவன் மறுத்தும் சேயோன் விடவில்லை. படம் கிடைத்தது. சேயோனின் தொப்பி தண்ணீரில் விழுந்தது. அவர்களைக் கரையில் இறக்கிவிட்டு, அதை எடுத்துவரக் கபேலோ தனியே திரும்பிப் போனான். விமானத்துக்கு நேரமாகிறது என்று இவர்கள் காத்திராமல் கிளம்பிவிட்டார்கள்.

"நாங்கள் தங்கின விடுதிக்கு ஒருக்கா போன் எடுத்துக் கேளுங்கோ," என்றாள் தாழ்ந்த குரலில்.

"அவன் நல்லாத்தான் இருப்பான். நீர் சும்மா யோசிக்கிறீர்."

ஒரு மாதமாக அவள் கேட்டதும் அவன் சொன்னதும் இவ்வளவுதான். வெறுத்துப்போய்க் கடைசியில் அவளே எடுத்தாள். விடுதியில் ஒரு பெண் பேசினாள். அவர்கள் கிளம்பிய அன்று மாலை கபேலோவின் ஓடம் கவிழ்ந்து கிடந்ததாகவும் உடல் இன்னும் கிடைக்கவில்லை என்றும் சொன்னாள்.

சேயோன் அந்தப் படத்தை அழித்தான். இருவரும் கபேலோவின் மனைவிக்கு, நடந்தது எதையும் மறைக்காமல் கடிதம் எழுதினார்கள். தேவாலயத்தில் அவனுக்காகப் பூசை வைத்தார்கள். தரை காய்ந்தது. வாடையும் போனது. கொறற்றி நன்றாகத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பியபோது, கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா படியில் மறித்தார். உங்கள் விருந்தாளியை உள்ளே கூப்பிடக்கூடாதா என்று கேட்டார். விருந்தாளி யாரும் இல்லை என்றாள் கொறற்றி.

அவர் நம்பவில்லை.

"இரண்டு நாளாக உங்கள் கதவடியில் நிற்கிறார். இந்தக் குளிரில், வெறுங்காலோடு."

மேலே சேயோன் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.