நாணயப் புள்ளி

தேன்மொழி ஷிப்டுக்குக் கிளம்பியபோது கதவு அவள் மணிக்கட்டில் பதித்த சில்லைப் படித்துவிட்டு, நடைவழி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது: "நாணயப் புள்ளி முந்நூற்றுப் பன்னிரண்டு. இன்று நல்ல நாளாக அமையட்டும்."

எதிர்வீட்டுக் கதவு ஐந்நூற்று எழுபது என்றது. அதற்கடுத்தது அறுநூற்று நாற்பது. செவ்வாய்க் கோளின் மூன்றாம் குடியிருப்பில் எண்பதாயிரம் பேரும் தினமும் இப்படித்தான் வெளியே வந்தார்கள். ஐந்நூற்றுக்கு மேல் இருந்தவர்களுக்கு, அதாவது கடன் பாக்கி இல்லாதவர்களுக்கு, அதில் கூச்சம் ஒன்றுமில்லை.

போன வருடம்வரை தேன்மொழியும் எழுநூற்று நாற்பதுதான்.

அந்தக் குடியிருப்பைக் கீழ்நோக்கித் தோண்டியிருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு தளங்கள். வசதியானவர்கள் அடியாழத்தில் இருந்தார்கள். காற்று மெலிந்த அந்தக் கோளில் விண்கதிர்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு வரும். தலைக்கு மேல் எவ்வளவு மண் இருக்கிறதோ அவ்வளவு ஆயுள். தேன்மொழி இருந்தது மேலிருந்து இரண்டாம் தளத்தில். கணவன் சுரங்கச் சரிவில் இறந்து ஆறு வருடம். கூட இருந்தது ஒன்பது வயது மகள் சுடர் மட்டும்.

போன வருடம் சுடருக்கு ரத்தம் கெட்டது. மருத்துவமனையில் 'மஜ்ஜை வார்ப்பு' செய்தார்கள். நோயாளியின் ஒரே ஒரு செல்லை வைத்துக்கொண்டு இயந்திரம் புது எலும்பு மஜ்ஜையை வளர்த்துத் தரும். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

"இனிமே இவளை எட்டாவது தளத்துலயோ அதுக்குக் கீழயோ வெச்சுக்கோங்கம்மா. மேலயே இருந்தா திரும்ப வந்துரும்" என்றார் டாக்டர்.

பிறகு பில் வந்தது. முதலில் வளர்த்த மஜ்ஜை இயந்திரக் கோளாறால் வீணாகியிருந்தது. அதையும் சேர்த்து இரண்டு மஜ்ஜைக்குப் பணம் கேட்டிருந்தார்கள். காப்பீட்டுக்காரர்கள் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். தேன்மொழி ஏழு முறை எழுதினாள். 'தங்கள் முறையீடு பரிசீலனையில் உள்ளது' என்று ஏழு முறை பதில் வந்தது. அந்தப் பரிசீலனை நடந்துகொண்டிருக்கும்போதே மருத்துவமனை அவள் பாக்கியை ஒரு வசூல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அந்த வாரமே புள்ளி சரிந்தது.

புள்ளி சரிந்ததும், காற்று வெளியேறாமல் காக்கும் காற்றுக்கதவுகளின் வெல்டிங்கிலிருந்து அவளைத் தூக்கிக் கசடு அள்ளப் போட்டார்கள். கடனாளி கையில் விலையுயர்ந்த கருவி கொடுக்கக் கூடாதாம். சம்பளம் பாதியானது. கடனைக் கட்டு என்று கழுத்தைப் பிடித்தவர்களே கட்டும் வழியையும் அடைத்துவிட்டார்கள்.

அன்று ஷிப்டு முடிந்ததும், உடம்பெல்லாம் கசடோடு, வீடு ஒதுக்கும் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள். ஊரில் அதற்கு 'ஒதுக்கி' என்று பெயர்.

"எட்டாம் தளத்துல வீடு காலி இருக்கா?"

"நாற்பத்தொரு வீடுகள் காலியாக உள்ளன."

"எனக்கு ஒண்ணு குடு."

"ஐந்நூறு புள்ளி தேவை. உங்களிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு உள்ளது."

"அந்த பில்லே தப்பு."

"ஆம். தவறான பில் என்றுதான் என் கணிப்பும்."

"தெரிஞ்சுமா?"

"பில் சரியா என்று பார்ப்பது மருத்துவமனையின் வேலை. பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே என் வேலை."

"எம்பிள்ளைக்கு நோவு வந்ததுக்கும் என் நாணயத்துக்கும் என்ன சம்பந்தம்? நான் யாரை ஏமாத்தினேன்? சொல்லு!" அவள் திரையை ஓங்கி அறைந்தாள்.

"நீங்கள் யாரையும் ஏமாற்றியதாகப் பதிவு இல்லை."

"என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு இருக்காங்க?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் மறைக்கும்படி ஒதுக்கிக்கு யாரும் சொல்லிவைக்கவும் இல்லை. "ஐந்நூற்றுக்குக் கீழே பதினோராயிரத்து நானூறு பேர். அவர்களில் ஒன்பதாயிரம் பேருக்கு மருத்துவ பில் மட்டுமே காரணம்."

மறுநாள் கேன்டீனில் மேசைமேல் ஏறி நின்று அந்த எண்ணைச் சொன்னாள். பத்து வருடம் அவள் பக்கத்தில் நின்று வெல்டிங் செய்த ஞானசேகர்தான் முதலில் எழுந்தான்.

"எங்கப்பாவுக்குக் கண் ஆபரேஷன்க்கா. அந்த பில்லாலதான் என் புள்ளியும் விழுந்துச்சு. இத்தனை நாளும் நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றான்.

வெல்டர்கள் கருவியைக் கீழே வைத்தார்கள். காற்றுக்கதவுகளின் கசிவை அடைக்க ஆள் இல்லாமல் தாது வண்டிகள் நின்றன. பிரதான சுரங்கப்பாதையில் ஆயிரக்கணக்கானோர் வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். நிர்வாகம் பாதியாகக் குறைத்த காற்றைச் சுவாசித்துக்கொண்டு பதினோரு நாள் அசையவில்லை. பன்னிரண்டாம் நாள் நிர்வாகக் குழு பணிந்தது. மருத்துவ பாக்கிகள் ரத்து. நாணயப் புள்ளி ஒழிப்பு. 'இனி மனிதர்களின் காரியத்தை மனிதர்களே பார்ப்பார்கள்' என்று அறிவித்தார்கள். ஒதுக்கியின் கேபிளைத் தேன்மொழி கையாலேயே வெட்டச் சொன்னார்கள். வெட்டினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது.

இரண்டு வாரம் கழித்து வீடு ஒதுக்கும் அலுவலகம் திறந்தது. சுடரைக் கூட்டிக்கொண்டு தேன்மொழி வரிசையில் நின்றாள். மேசைக்குப் பின்னால் தர்மலிங்கம் என்றொரு அதிகாரி. சிரித்த முகம். போராட்டத்தின்போது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

"வாம்மா, வா, உக்காரு. உன்னாலதான் இந்த நாற்காலியே. அந்த மிஷினுக்கு மனுஷன் அருமை தெரியுமா?" டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு உச்சுக் கொட்டினார். "எட்டாம் தளம்தானே, குடுத்துரலாம். பூர்வீகம் எதும்மா?"

"இங்கதான் சார். மூணு தலைமுறையா செவ்வாய்தான்."

"அது சரி. பூமியில?"

"தெரியாது சார். வீட்டுல சொன்னதில்ல."

தர்மலிங்கம் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காத. அக்கம்பக்கத்துல குடியிருக்கிறவங்க கேப்பாங்க. நீங்க என்ன ஆளுங்க?"

"வெல்டருங்க."

அவர் சிரித்தார். "அது வேலைம்மா. நான் கேட்டது ஆளு."

தேன்மொழி அவர் முன்னாலிருந்த படிவத்தைப் பார்த்தாள். அச்சிட்ட கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. ஓரத்தில் பேனாவால் புதிதாக ஒரு கட்டம் வரைந்திருந்தார். அது மட்டும் காலியாக இருந்தது. அந்த இயந்திரத்தோடாவது சண்டை போட முடிந்தது. அது தன் விதியை ஊர் கேட்கச் சொன்னது.

"சத்தமா கேளுங்க சார்!" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "இவரு என்கிட்ட என்ன கேட்டாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

சிலர் தரையைப் பார்த்தார்கள். எட்டாம் தளத்து வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலருகே நின்றிருந்த ஞானசேகர்தான் கடைசியில் பேசினான்.

"சொல்லிட்டுப் போயேன்க்கா. நாங்கல்லாம் சொல்லிட்டோம்ல?"